எக்ஸ்ரே குழாய்க்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். மில்லில் எலக்ட்ரிக் வேலை பார்த்த நாளிலேயே, லைனில் வோல்ட்டேஜ் ஏறுவதற்குள் இவனுக்கு ஏறிவிடும் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவன் கையில் ஒரு கண்ணாடிக் குழாயை ஒப்படைத்து, இனி இதற்கு நீதான் பொறுப்பு என்று சொன்ன டாக்டருடைய தைரியத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. அவருக்கும் அந்தக் குழாய்க்கும் நான் நன்றி சொல்லவேண்டியவன். வாயால் சொல்லிப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன்.

எங்களுக்கு வெள்ளகோவில் பக்கம் தோட்டம். அண்ணன்மார் இருவரும் பண்ணையம் பார்த்துக்கொள்ள, நான் பீளமேட்டில் ஒரு மில்லில் எலக்ட்ரிக் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பைக்காராவிலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்த புதிது அது. கோயமுத்தூரில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ஒருவர் சீமையிலிருந்து எக்ஸ்ரே மிஷின் வரவழைத்தார். ஒயர் இழுத்துக்கொடுக்க என்னை மில்லிலிருந்து நாலு நாளைக்கு இரவல் வாங்கிப் போனவர், திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை ஒதுக்கினார். நானும் கொடுமுடியிலிருந்து வந்த என் மனைவியும் அங்கே குடியேறினோம். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள்.

மிஷின் என்றால் அறை நிறையச் சாமான். ஆள் உயர டிரான்ஸ்பார்மர், சுற்றும்போது சடசடவென்று பொரிந்து காரநெடி கிளப்பும் ஒரு தட்டு, தலைக்கு மேலே உறை இல்லாமல் ஓடும் கம்பிகள். இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு கண்ணாடிக் குழாய்க்காகத்தான். அது நடுவில் உப்பி, இரண்டு பக்கமும் கை நீட்டினது மாதிரி இருக்கும். உள்ளே இருந்த காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். ஒரு முனையில் விளக்கில் இருப்பது போல ஒரு சின்னச் சுருள் கம்பி. எதிர்முனையில் கட்டைவிரலைவிடத் தடித்த செம்புத் தண்டு. தண்டின் முகத்தைச் சாய்வாகச் சீவி, அதில் ஒரு டங்ஸ்டன் வில்லையைப் பதித்திருப்பார்கள். அவ்வளவுதான். உள்ளே ஆடுகிற, சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது.

சுருள் கம்பி பழுக்கச் சூடேறினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி அதைச் சுற்றியே மொய்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இரண்டு முனைக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் செம்புப் பக்கம் அவற்றை இழுக்கும். வழியில் தடுக்கக் காற்று இல்லை. எனவே நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் பாய்ந்துபோய் டங்ஸ்டன் வில்லையில் மோதி, மோதின இடத்திலேயே நின்றுபோகும். அந்த வேகம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? பெரும்பாலும் சூடாகிப் போகும். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத மிச்சம்தான் எக்ஸ்ரே கதிராக வெளியே வரும். நூறு வண்டிப் பருத்தியை அரைத்து ஒரு கைக்குட்டை நெய்த மாதிரி என்று டாக்டரிடம் சொல்வேன். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளத்தான் அத்தனை தடிமனான செம்பு. லேசில் உருகாது என்பதால்தான் டங்ஸ்டன்.

சுருளின் சூட்டைக் கூட்டினால் கதிர் அதிகமாக வரும். வோல்ட்டைக் கூட்டினால் கதிர் இன்னும் ஆழமாகத் துளைக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கைப்பிடி. படுத்திருப்பவர் கொடுவா மீசைக்காரரா, பால்குடிக் குழந்தையா என்று பார்த்து இரண்டையும் திருகி வைப்பதுதான் என் உத்தியோகம்.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது எதுவும் ஏறாது. காங்கயத்திலிருந்து இடுப்பு வலியோடு வந்த ஒரு கவுண்டர், படம் எடுத்து முடித்த பிறகும் மேஜையைவிட்டு இறங்கவில்லை.

"ஏனுங்க, வெளிச்சம் எப்ப வருமுங்க?"

"வந்துட்டுப் போயிருச்சுங்க."

"நானொண்ணும் பாக்கலீங்களே."

"நீங்க அதப் பாக்க வேண்டியதில்லீங்க. அது உங்களப் பாத்துப்போட்டுப் போயிருச்சு."

ஏமாற்றிவிட்டேன் என்ற முகத்தோடுதான் அவர் இறங்கிப் போனார்.

எனக்குத் தீராத சண்டை ஒன்று இருந்தது. அது ஊர் மில்களோடு. மில்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் லைனில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். தோட்டங்களில் மோட்டார் ஓடினால் இன்னும் கீழே போகும். நான் கைப்பிடியைத் திருகி ஈடுகட்டுவேன். படம் எடுக்கும் நடுவிலேயே மீட்டர் முள் மறுபடி சரியும். கதிர் குறைந்துபோவதால் அதிக நேரம் எடுக்கவேண்டும். பெரியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். குழந்தைகளை யார் பிடித்து வைப்பது? குழந்தை படம் என்றால் பாதி படம் கலங்கித்தான் வரும். அப்போதெல்லாம் நான் பீளமேட்டுத் திசையைப் பார்த்துத் திட்டுவேன். அந்த மில்தான் எனக்கு மூன்று வருஷம் சோறு போட்டது என்பது கோபத்தில் நினைவுக்கு வராது.

ஆயுத பூஜை வந்தது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. காது குத்தித் தோடு போட்டிருந்தோம். காலையிலேயே மிஷினைத் துடைத்து, இரும்புத் தூணுக்கும் மேஜைக்கும் சுவிட்ச் பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். குழாயை மட்டும் தொடவில்லை. பூஜை முடிந்ததும், வருஷா வருஷம் போவது போல, என் பழைய மில்லுக்குப் போனேன். அங்கே நூற்பு மிஷின்கள் எல்லாம் மாலையும் பொட்டுமாக நின்றிருந்தன. அந்தச் சத்தமில்லாத மில்லுக்குள் நடப்பதே ஒரு தினுசாக இருக்கும். பொரிகடலைப் பொட்டலத்தோடு மத்தியானம் திரும்பினேன்.

வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். என் மனைவி மகளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் இருமி இருமி ஓய்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது.

"பொரி தின்னுட்டு இருந்தாளுங்க. திடீர்னு பொரையேறி மூஞ்சி கருத்துப்போச்சு. பாத்தா தோடு மடியில கெடக்குது, திருகாணியக் காணோமுங்க. முழுங்கிப்போட்டாளாட்டத் தெரியுது" என்றாள்.

"வாழப்பழம் குடு அம்மணி. வெளிக்கி வந்துரும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசையாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் குழலை வைத்து நெஞ்சின் இரண்டு பக்கமும் வெகுநேரம் கேட்டார். வலதுபக்கம் காற்று சரியாகப் போகவில்லை என்றார்.

"இரைப்பைக்குள்ள போயிருந்தா கவலையில்லப்பா, தானா வந்துரும். மூச்சுக்குழல்ல எறங்கியிருந்தா இங்க ஒண்ணும் பண்ண முடியாது. மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்கார், வாய் வழியா குழாய் விட்டு எடுக்கறவர். இன்னைக்குச் சாயங்கால ரயிலுக்கே கெளம்பணும். நாள் போனா அந்தப் பக்கத்து நுரையீரல் அடைச்சுப் போகும். எங்க இருக்குதுன்னு படம் பாத்தாத்தான் தெரியும்."

மிஷினுக்கு முன்னால் வாழையிலையில் பொரி, பழம், தேங்காய் மூடி எல்லாம் அப்படியே இருந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் எடுத்துப் புழங்கமாட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அன்று காலை முதல் அரிவாள்மனையைக்கூடத் தொடாமல், வெங்காயத்தைக் கையால் பிய்த்துப்போட்டு ரசம் வைத்தவள் அவள். மகளை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து இலையை அப்படியே தூக்கி மூலையில் வைத்தாள்.

"சாமி கோவிச்சுக்காதுங்க. நீங்க ஓட்டுங்க" என்றாள்.

ஆளைப் படுக்கவைப்பதற்கு முன்னால் மிஷினை ஒருதடவை சும்மா ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். அன்று அவசரத்தில் அதை விட்டுவிடத்தான் பார்த்தேன். பழகின கை தானாகவே சுவிட்சைப் போட்டது. நல்லவேளை போட்டது. குழாயின் மேல் நீலமாக ஒரு பொறி ஒரு முனையிலிருந்து மறுமுனை பக்கம் வளைந்து ஓடியது. சாட்டை அடித்தது போலச் சத்தம். உடனே அணைத்தேன். அறை முழுக்கக் கருகின சந்தன வாசம்.

கிட்டே போய்ப் பார்த்தால், கண்ணாடி நெடுக மூன்று விரல் சந்தனப் பட்டை. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பட்டை தடிமனாக இருந்த இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. பல ஆயிரம் வோல்ட்டுக்கு அந்த ஈரம் போதும். குழாய்க்குள் எலக்ட்ரான்களைப் பாயவைக்க வேண்டிய வோல்ட், வெளியே சந்தனத்தின் மேலேயே வழி கண்டுபிடித்துவிட்டது. அப்படி ஓடும் பொறி கண்ணாடியில் ஊசிமுனை அளவு ஓட்டை போட்டாலும் போதும். காற்று உள்ளே போய்விடும். பிறகு அது வெறும் கண்ணாடி. எங்களிடம் மாற்றுக் குழாய் கிடையாது. சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. யார் வைத்தது என்று கத்தினேன்.

"நாந்தானுங்க. நீங்க மில்லுக்குப் போனதுக்கப்பறம் வெச்சேன்" என்றாள். அழவில்லை. "காலுக்கும் கைக்கும் வெச்சுப்போட்டு மூஞ்சிய மட்டும் வெறுமனே உட்டுட்டுப் போனீங்க. நமக்குச் சோறு போடறது அதுதானுங்களே. மனசு கேக்கலீங்க."

அவள் சொன்னது எனக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்ததோடு சரி. டாக்டர் என் தோளைத் தொட்டு, "அப்பறம் சண்டை போட்டுக்கப்பா. மொதல்ல தொடை" என்றார். ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடைத்தேன். உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். என் மூச்சுக்காற்றின் ஈரம் படக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தேன்.

குழாய் பிழைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான். அறையை இருட்டாக்கி, வோல்ட்டைக் குறைத்து வைத்து ஓட்டவேண்டும். உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் எலக்ட்ரான்கள் அந்தக் காற்றில் இடித்துக்கொண்டு நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிவிடும். வெற்றிடம் கெடாமல் இருந்தால் சுருளின் வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஜன்னலை அடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். சுருளின் வெளிச்சம் மட்டும் செம்பில் பட்டு மின்னியது. நீலம் இல்லை. ஊதா இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றுமே தெரியாததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்நாளில் அன்று மட்டும்தான்.

கைப்பிடியை வழக்கமான இடத்தில் வைக்கப்போனபோதுதான் லைன் மீட்டரைக் கவனித்தேன். நான் அதுவரை பார்த்திராத உயரத்தில் முள் நின்றது. ஆடவும் இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அன்று ஆயுத பூஜை. பீளமேட்டிலும் மற்ற இடங்களிலும் மில்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நின்றன. தோட்டத்து மோட்டார்களுக்கும் அன்று மாலை போட்டிருந்தார்கள். ஊரையே ஓட்டுகிற மின்சாரம் ஒரு சொட்டுக் குறையாமல் எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்தது. வழக்கமான இடத்தில் கைப்பிடியை வைத்திருந்தால் குழாய் தாங்கியிருக்காது. இறக்கி வைத்தேன். நேரத்தையும் பாதிக்குப் பாதி குறைத்தேன். அத்தனை குறைந்த நேரத்தில் அந்த மிஷினில் நான் அதற்கு முன் படம் எடுத்ததே இல்லை.

மனைவிக்கு ஈய ரப்பர் அங்கியை மாட்டிவிட்டு, மகளை மேஜையில் படுக்கவைத்தோம். தலைக்கு மேலே கம்பி போகிறது, கையை மட்டும் தூக்கிவிடாதே என்றேன். அவள் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மகள் திமிறினாள். அழுகை வந்தால் இருமல் வரும், இருமல் வந்தால் திருகாணி இன்னும் எங்கே நகருமோ தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் "மூச்சப் புடிங்க" என்று அதட்டுவதுதான். இரண்டரை வயசுக்கு அதை எப்படிச் சொல்வது? டாக்டருக்கும் தோன்றவில்லை.

"சாமி, மேல பாரு கண்ணு" என்றாள் மனைவி. "மிஷின் கண்ணத் தொறக்குது பாரு."

நான் சுருளுக்கு மின்சாரம் கொடுத்தேன். குழாய் உள்ளே மெல்லச் சிவந்து, மஞ்சளாகி, வெள்ளையாக எரிந்தது. மகள் வாயைத் திறந்தபடி அதையே பார்த்தாள். அழுகையை மறந்துவிட்டாள். அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம் வேறு, அவளுக்குள் போகவேண்டிய கதிர் வேறு. ஆனால் அதைப் பார்த்துத்தான் அவள் அசையாமல் கிடந்தாள். ஈயத் தட்டிக்குப் பின்னாலிருந்து நான் சுவிட்சைப் போட்டு எடுத்தேன். ஒரு தும்மல் போடும் நேரம்கூட இருக்காது.

இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் பிலிமைக் கழுவினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. கலங்கல் இல்லை. வலதுபக்கம், எலும்புகளுக்கு நடுவே, தலையும் புரியுமாகத் திருகாணி பளிச்சென்று நின்றது. தங்கத்தைக் கதிர் துளைக்கவில்லை, அதனால் அந்த இடம் பிலிமில் வெளுப்பாக இருந்தது. இத்தனை நல்ல படம் எடுத்தேனே என்று ஒரு நொடி பெருமைப்பட்டேன். பிறகுதான் அது யாருடைய நெஞ்சு என்பது உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் பார்த்ததும், "கெளம்புங்க, நானும் வாரேன்" என்றார். பிலிம் காய நேரமில்லாததால் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, திருப்பூர் தாண்டும்வரை டாக்டர் அந்தச் சட்டத்தை ஜன்னலோரம் பிடித்துக் காயவைத்துக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அது என்னவென்று கேட்டார். "எங்க பாப்பாவோட போட்டோங்க" என்றார் டாக்டர்.

மெட்ராஸ் டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கே தேடுவது என்ற சிரமம் எனக்கு இல்லை என்றார். திருகாணியை எடுத்துவிட்டார். மகளை வெளியே கொண்டுவந்தபோது நாங்கள் இருவரும் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டோம். விசில் சத்தம் இல்லை. என் மனைவி அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஊர் திரும்பியதும் அவளிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் பிறகு மில்களை நான் திட்டியது கிடையாது. வோல்ட்டேஜ் சரியும்போதெல்லாம், அன்றைக்கு ஒருநாள் எல்லாரும் நிறுத்திக் கொடுத்தார்களே என்று நினைத்துக்கொள்வேன். கைப்பிடியைக் கொஞ்சம் கூட்டித் திருகிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். மில்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் இவனுக்கா இவ்வளவு பொறுமை என்று சிரித்திருப்பார்கள்.

அந்தக் குழாய் பிறகும் உழைத்தது. காசநோய்க்காரர்களின் நெஞ்சு, வண்டியேறின கால்கள், கிணற்றில் விழுந்தவர்களின் இடுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்தது. அதிக சூடு ஆகாமல் ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டினேன். ஒருநாள் சுருள் எரியவில்லை. அறுந்துவிட்டது. குண்டு பல்ப் போகிற மாதிரி சாதாரணமாகத்தான் போனது. டாக்டர் புதுக் குழாய் வரவழைத்தார். அது எண்ணெய் நிரப்பின இரும்புக் கூட்டுக்குள் மூழ்கி வந்தது. கம்பிகளுக்கும் தடித்த உறை. யாருக்கும் ஷாக் அடிக்காது. நல்ல சாமான்தான். ஆனால் வெளியே தெரிவதற்குக் கண்ணாடியே இல்லை. என் மனைவி அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூஞ்சியே இல்லீங்களே" என்றாள்.

பழைய குழாயை நான் கேட்பதற்குள் டாக்டரே, "ஊட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா" என்றார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வீட்டில் என் திருப்புளியும் குறடும், அவளுடைய அரிவாள்மனையும், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த மகளின் சிலேட்டும் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி, அதன்மேல் குழாயைக் கிடத்தியிருந்தேன். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"இப்ப வெக்கலாமுங்களா?"

"வை" என்றேன்.

அவள் வைக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கிண்ணத்தைக் கொடுத்தாள். மகள் மண்டிபோட்டு உட்கார்ந்து, விரலில் சந்தனம் எடுத்து, குழாய்க்கு வெகு கிட்டே குனிந்து பொட்டு வைத்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி லேசாக மங்கியது. நான் அதைத் துடைக்கவில்லை.